பிராப் ஃபர்முக்குப் பணம் கட்டுமுன் ஒரு கணக்கு

கட்டணம் வாங்கித் தேர்வு வைத்து, தேறியவர்களுக்கு டிரேடிங் கணக்கு கொடுத்து லாபத்தில் பங்கு தரும் நிறுவனம்தான் இங்கே சொல்லும் பிராப் ஃபர்ம். அந்தத் தேர்வுக் கட்டணம் கட்டுமுன், விதிமுறைப் பக்கத்தில் ‘ட்ரெய்லிங் டிராடவுன்’ (லாபம் ஏற ஏறக் கூடவே மேலேறும் நஷ்ட வரம்பு) எதை வைத்து நகர்கிறது என்று பாருங்கள். 50,000 டாலர் கணக்கு, 2,500 டாலர் நஷ்ட வரம்பு என்றால் தொடக்கத் தரை 47,500; கணக்கு அதுவரை இறங்கினால் ஆட்டம் முடிந்தது. மூடாத டிரேடின் (இன்னும் கைக்கு வராத) லாபத்தையும் சேர்க்கிற நிறுவனத்தில், டிரேடு 2,000 டாலர் ஏறி, வாங்கிய விலைக்கே இறங்கினால் தரை 49,500 ஆகியிருக்கும். பைசா இழக்கவில்லை, மிச்சம் 500தான்!

இப்படிப்பட்ட நிறுவனங்கள் பலவற்றுக்குத் தோற்றவர்கள் கட்டும் கட்டணமே பெரிய வருமானம். அதனால் இந்தக் கணக்கை மறைக்காமல், விதிமுறையில் உதாரணத்தோடு எழுதியிருக்கும் நிறுவனத்தைக் கொஞ்சம் நம்பலாம். லாபத்தைத் தருவது ‘எங்கள் விருப்பம்’ என்று எழுதியிருந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

சம்பளத்துக்கு ஆளெடுத்துச் சொந்தப் பணத்தில் வணிகம் செய்யும் ஜேன் ஸ்ட்ரீட் போன்றவற்றுக்கு இது பொருந்தாது. அங்கே கட்டணமே கிடையாது.