குரோமில் டேப்கள் குவிந்துவிட்டால்

முப்பது, நாற்பது டேப் ஆனதும் தலைப்புகள் மறைந்து வெறும் சின்னங்கள்தான் மிஞ்சும். ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து தேடாதீர்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள் (மேக்கில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட்). வரும் பெட்டியில் தலைப்பின் நாலு எழுத்தைத் தட்டினால் போதும். வேறு விண்டோவில் கிடப்பதும், சற்றுமுன் மூடியதும்கூட அகப்படும். ஃபயர்பாக்ஸ் என்றால் முகவரிப் பட்டையில் % போட்டு, ஓர் இடைவெளி விட்டுத் தேடுங்கள்.

கை தவறி மூடியதைக் கன்ட்ரோல், ஷிஃப்ட், டி (T) மீட்டுத் தரும். அழுத்த அழுத்த, முன்பு மூடியவையும் வரிசையாகத் திரும்பும். இன்காக்னிட்டோவில் (பார்த்த பக்கங்கள் பதிவாகாத தனி விண்டோ) மூடியது மட்டும் போனது போனதுதான்.

ஒரே வேலைக்கான டேப்களைக் கன்ட்ரோலைப் பிடித்தபடி கிளிக் செய்து, பிறகு ரைட் கிளிக் மெனுவில் புதிய குழுவாக்கிப் பெயர் வையுங்கள். பெயரைத் தொட்டால் குழு சுருங்கிக்கொள்ளும்.

கணினி திணறுகிறதா? விண்டோஸில் ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் எந்த டேப் எவ்வளவு மெமரி தின்கிறது என்று தெரியும். செட்டிங்ஸின் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் மெமரி சேவரை இயக்கினால், தொடாத டேப்கள் தாமாக உறங்கும். திரும்பிப் போகும்போது பக்கம் மறுபடி லோடாகும் என்பதால் இணையம் வேண்டும். அலுவலகச் சாட் போன்றவற்றை அங்கேயே விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.