ஆன்லைனில் தெரபிஸ்ட் தேடுவது எப்படி: முதல்முறை போகிறவர்களுக்கு

மனநலத்துக்கு உதவி தேடி ஆன்லைன் தெரபி என்று கூகுளில் தட்டினால் சிரித்த முகங்களாக வந்து நிற்கும். எல்லோரும் நிபுணர்கள், எல்லோருக்கும் ஐந்து நட்சத்திரம். யாரிடம் போவது, முதல் நாள் என்ன கேட்பார்கள், பிடிக்காவிட்டால் எப்படி விலகுவது என்பதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. நான் தெரபிஸ்ட் இல்லை, சில வருடங்களாகப் போய்வருகிற ஆள். எதிர்ப்பக்க நாற்காலியிலிருந்து தெரிவதை எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இப்போது இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். 14416-க்கு அழையுங்கள். 2022 அக்டோபர் 10 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் இது. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், காசில்லை, தமிழிலும் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050. இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926. வாரம் ஒருமுறை வீடியோவில் பேசுவது இந்த மாதிரி அவசரத்துக்கு உதவாது. நல்ல தெரபிஸ்ட்டே அதைத்தான் சொல்வார்.

படி 1: யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநல மருத்துவத்தில் எம்.டி. அல்லது டி.பி.எம். என்ற டிப்ளமோ படித்தவர். மாத்திரை எழுதுபவர் இவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருத்துவர் அல்ல, பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர். பெரும்பாலும் எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருப்பார். ஆர்.சி.ஐ. என்று சொல்வது அந்தக் கவுன்சிலைத்தான். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி அவர்களுடைய இணையதளத்திலேயே சரிபார்க்கலாம்.

மூன்றாவது வகை கவுன்சலர்கள். குழப்பம் இங்கேதான். சைக்காலஜியில் முதுகலை முடித்து, மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் பயிற்சி எடுத்த அருமையான ஆட்கள் இதில் நிறைய இருக்கிறார்கள். சில வார ஆன்லைன் சான்றிதழை வைத்துக்கொண்டு அதே பெயரைப் போட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். பெயருக்கு முன்னால் உள்ள 'டாக்டர்' மருத்துவப் படிப்பா, பி.எச்டி.யா, யாரோ மேடையில் கொடுத்த பட்டமா என்று கேட்பதில் தப்பே இல்லை.

நேராக மனநல மருத்துவரிடம் போக வேண்டிய நிலைமைகளும் உண்டு. வாரக்கணக்கில் தூக்கம் போய்விட்டது, படுக்கையை விட்டு எழுந்து குளிக்கக்கூட முடியவில்லை, இல்லாத குரல் கேட்கிறது, ஊரே தன்னைக் கண்காணிப்பதாகத் தோன்றுகிறது என்றால் முதலில் அவரைப் பாருங்கள். தைராய்டு, பி12 குறைபாடு போன்றவைகூட மனச்சோர்வு மாதிரியே காட்டும். ஒரு ரத்தப் பரிசோதனை பல மாதப் பேச்சை மிச்சப்படுத்தியதும் உண்டு. ஆன்லைனில் பார்க்கும் மருத்துவர் எல்லா மாத்திரையையும் எழுதிவிட முடியாது. 2020-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதக்கூடாது என்கின்றன. "நேரில் வாங்க" என்று அவர் சொன்னால் தட்டிக்கழிக்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

படி 2: மூன்று பேரைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஏற்கெனவே போய்வரும் நண்பரைக் கேட்பதுதான் சிறந்த வழி. ஆனால் அவருடைய தெரபிஸ்ட்டிடமே போகாமல், அவர் மூலம் இன்னொருவர் பெயரைக் கேட்டு வாங்குங்கள். ஒரே நட்பு வட்டத்தில் இரண்டு பேர் ஒருவரிடமே பேசுவது மூன்று பேருக்கும் சங்கடம்.

விவரப் பக்கத்தைப் படிக்கும்போது என்ன போட்டிருக்கிறது என்பதைவிட எவ்வளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். பதற்றம், மனச்சோர்வு, கணவன் மனைவி பிரச்சினை, குழந்தைகள், குடிப்பழக்கம், எடை குறைப்பு, நினைவாற்றல் என்று எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்ப்பதாகப் போட்டிருந்தால் நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். 'மூன்றே செஷனில் நிரந்தரத் தீர்வு' என்றால் சொல்லவே வேண்டாம்.

கட்டணம் ஊருக்கும் ஆளுக்கும் மாறும். சென்னையில் தனியாகப் பார்ப்பவர்கள் செஷனுக்கு 1,000 முதல் 2,500 ரூபாய் வரை கேட்பது சாதாரணம். மாதம் நான்கு தடவை என்று கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். கட்டுப்படியாகாது என்றால் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். பலர் சில இடங்களைக் குறைந்த கட்டணத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. வரிசையில் நிற்க வேண்டும், பேசக் கிடைக்கும் நேரம் குறைவு, ஆனால் பார்ப்பவர்கள் முறையாகப் படித்தவர்கள்.

படி 3: முதல் செய்தி

பலர் நின்றுவிடுவது இந்த இடத்தில்தான். வாட்ஸ்அப்பைத் திறந்து 'ஹாய்' போட்டுவிட்டு, கதை முழுவதையும் சொல்ல வேண்டுமோ என்று பயந்து அழித்துவிடுவார்கள். கதை வேண்டாம். இந்த அளவு போதும்:

"வணக்கம். எனக்கு வயது 29, ஐ.டி.யில் வேலை. ஆறு மாதமாகச் சரியான தூக்கமில்லை. ஞாயிறு சாயங்காலம் ஆனாலே நெஞ்சு படபடக்கிறது. வார நாட்களில் இரவு 8 மணிக்கு மேல் வீடியோவில் பேச முடியும். தமிழில் பேச உங்களுக்கு வசதிப்படுமா? உங்கள் படிப்பு, பதிவு எண், கட்டணம், கடைசி நேரத்தில் ரத்து செய்தால் என்ன விதி என்று சொல்ல முடியுமா?"

மூன்று பேருக்கும் இதையே அனுப்புங்கள். பதில் வரும் விதமே பாதி சொல்லிவிடும். கேட்டதற்கெல்லாம் நேராகப் பதில் வந்தால் நல்லது. படிப்பைக் கேட்டதற்கு "என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று வந்தால் நன்றி சொல்லி முடித்துக்கொள்ளுங்கள். சிலர் 15 நிமிட அறிமுக அழைப்பை இலவசமாகத் தருவார்கள். அதில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "என்னை மாதிரி பிரச்சினையோடு வருபவர்களோடு நீங்கள் எப்படி வேலை செய்வீர்கள்?" நமக்குப் புரிகிற மாதிரி பதில் சொல்லத் தெரிந்தவரைத் தேர்ந்தெடுங்கள்.

மொழி விஷயத்தில் வெட்கம் வேண்டாம். ஆபீஸ் விவகாரத்தை ஆங்கிலத்தில் சரளமாகச் சொல்லிவிடுகிறோம். அப்பா பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் அது யாருக்கோ நடந்த மாதிரி ஆகிவிடுகிறது. இரண்டும் கலந்து பேசினால் புரிந்துகொள்பவராக இருப்பது பெரிய வசதி.

அமெரிக்காவில் இருக்கும் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே உரிமம் மாநிலவாரியானது. நீங்கள் இருக்கும் மாநிலத்தில் உரிமம் உள்ளவரா என்று பாருங்கள்.

படி 4: இடம் பிடிப்பது

ஆன்லைன் தெரபிக்கு நம் வீடுகளில் பெரிய தடை இன்டர்நெட் வேகம் இல்லை, கதவு. பல வீடுகளில் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வதே ஒரு செய்தி. உள்ளே போய் ஐந்து நிமிடம் ஆகவில்லை, "யார்கிட்ட பேசுற?" என்று குரல் வரும். அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும்போதுதான் அம்மா காபியோடு வந்து நிற்பார்.

காரில் உட்கார்ந்து பேசுவது பலருக்கும் ஒத்துவருகிறது. நிழலில் நிறுத்திக்கொள்ளுங்கள், ஓட்டிக்கொண்டே பேச வேண்டாம், நல்ல தெரபிஸ்ட் சம்மதிக்கவும் மாட்டார். மொட்டை மாடி சாயங்காலத்தில் சரி, ஆனால் பக்கத்து வீட்டு மாடியையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் மீட்டிங் அறையைப் பதிவு செய்து பேசுபவர்கள் உண்டு. கண்ணாடி அறையில் அழ முடியாது என்பது அதில் ஒரு சிக்கல். வீட்டில்தான் என்றால் ஹெட்போன் கட்டாயம், கதவுக்கு வெளியே டி.வி.யோ டேபிள் ஃபேனோ ஓடட்டும். நாம் பேசுவது மட்டும் கேட்டால் கேட்பவருக்குப் பாதிதான் புரியும். பெயர் சொல்ல முடியாத கட்டத்தில் சாட் பெட்டியில் தட்டி அனுப்பலாம்.

யாராவது உள்ளே வந்துவிட்டால் என்ன செய்வது என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "அந்த ரிப்போர்ட்டை நாளைக்கு அனுப்புறேன்" என்று நீங்கள் சொன்னால் அவர் ஆபீஸ் பேச்சுக்கு மாற வேண்டும், அவ்வளவுதான். ஆபீஸ் லேப்டாப்பை இதற்குப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. ஆபீஸ் காலண்டரில் 'தெரபி' என்று எழுதாமல் இருப்பதும் அப்படித்தான்.

செயலி வழியாகப் போகிறவர்கள் அந்தரங்கக் கொள்கையைக் கொஞ்சமாவது படியுங்கள். அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் தெரபி நிறுவனம், பயனர்கள் நிரப்பிய மனநலக் கேள்விகள் சார்ந்த தகவல்களை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற நிறுவனங்களோடு விளம்பரத்துக்காகப் பகிர்ந்தது என்று 2023-இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 78 லட்சம் டாலர் கொடுத்து அந்நிறுவனம் விவகாரத்தை முடித்துக்கொண்டது.

படி 5: முதல் செஷன்

பொதுவாக 45 முதல் 60 நிமிடம். முதல் பத்து நிமிடம் சம்பிரதாயம்: பெயர், வயது, அவசரத்துக்கு யாரை அழைப்பது, நீங்கள் இப்போது எந்த இடத்திலிருந்து பேசுகிறீர்கள். கடைசிக் கேள்வி உங்கள் பாதுகாப்புக்காக, தயங்காமல் சொல்லலாம். பிறகு ரகசியத்தைப் பற்றிச் சொல்வார். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை உங்கள் உரிமையாக வைத்திருக்கிறது. உங்கள் உயிருக்கோ அடுத்தவர் உயிருக்கோ ஆபத்து என்றால் அதற்கு விலக்கு உண்டு. குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை தெரியவந்தால் போக்சோ சட்டப்படி தகவல் தந்தாக வேண்டும். இதையெல்லாம் அவராகச் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற ஒரு பக்கக் கேள்வித்தாளை அனுப்பவும் கூடும். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பரீட்சை மாதிரி நல்ல பெயர் வாங்கப் பார்க்காதீர்கள்.

அப்புறம் பேச்சு. மேலே செய்தி அனுப்பிய அந்த 29 வயதுக்காரர் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய இப்படிப் போகும்:

"என்ன விஷயமா வந்திருக்கீங்க?"

"தெரியல மேடம். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும்தான்…"

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு ஆரம்பிக்குது?"

"ஒரு நாலு மணி. டீ குடிக்கிற நேரம்."

"அந்த டீயைக் கையில வெச்சுக்கிட்டு என்ன நினைப்பீங்க?"

"திங்கக்கிழமை காலையில மேனேஜர் போடுற கால். அதுல என்னைத்தான் கேப்பாரு."

"போன திங்கக்கிழமை கேட்டாரா?"

"…இல்ல."

அறிவுரை எதுவும் வரவில்லை பாருங்கள். பலருக்கு முதல் ஏமாற்றம் இதுதான். காசு கொடுத்தும் ஒரு வழி சொல்லவில்லையே என்று தோன்றும். வேலையை விடு, கல்யாணம் பண்ணு, கோயிலுக்குப் போ என்று வழி சொல்ல நம்மைச் சுற்றி ஆள் நிறைய இருக்கிறார்கள். இவருடைய வேலை, நான்கு மணிக்கும் திங்கள் காலைக்கும் நடுவில் உங்கள் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று உங்களோடு சேர்ந்து பார்ப்பது. சி.பி.டி., அதாவது நினைப்பையும் நடத்தையையும் கவனித்து மாற்றப் பழக்கும் முறையில் வேலை செய்பவர் என்றால் வீட்டுப்பாடமும் உண்டு: படபடப்பு வரும்போது அந்த நேரம், நினைப்பு, உடம்பில் என்ன நடந்தது என்று நோட்டில் எழுதி வரச் சொல்வார்.

எப்படிக் கூப்பிடுவது என்றும் கேட்கிறார்கள். மேடம், சார் போதும். சிலர் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள், நமக்கு வாய் வராது, பரவாயில்லை.

முடித்த கையோடு அடுத்த மீட்டிங்கில் உட்காராதீர்கள். அரை மணி நேரமாவது விடுங்கள். அன்றைக்கு ராத்திரி கனமாக இருப்பதும் அடுத்த வாரம் போகவே பிடிக்காமல் இருப்பதும் சகஜம்.

படி 6: தொடர்வதா, மாற்றுவதா

மூன்று நான்கு செஷன் பாருங்கள். பிரச்சினை தீர்ந்ததா என்று அளக்காதீர்கள், அதற்குள் தீராது. போன வாரம் சொன்னதை அவர் ஞாபகம் வைத்திருக்கிறாரா? "நீங்க சொன்னது எனக்கு ஒத்துவரல" என்று அவரிடம் சொல்ல முடிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் தொடருங்கள்.

சில விஷயங்களுக்கு நான்கு செஷன் காத்திருக்கத் தேவையில்லை. "நீங்க எந்த ஆளுங்க?" என்று சாதி விசாரிப்பவர், பதினெட்டு வயது தாண்டிய உங்களைக் கேட்காமல் பெற்றோருக்கு போன் போடுபவர், ஜாதகம் கேட்பவர், அடுத்தவர்களின் கதையைப் பெயரோடு சொல்பவர் எல்லோரையும் அன்றே விடலாம். தன்பால் ஈர்ப்பை 'மாற்றித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் அது முறைகேடு. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் ஒரு வழக்கில் அத்தகைய முயற்சிகளுக்குத் தடை விதித்தார். அந்த வழக்கை விளங்கிக்கொள்ள அவரே ஒரு உளவியலாளரிடம் செஷனுக்குப் போனார் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

விலகுவதற்குச் சொல்லாமல் மறைந்துபோகத் தேவையில்லை. "மேடம், இதுவரை பேசியதற்கு நன்றி. வேறொருவரிடம் முயன்று பார்க்கலாம் என்று நினைக்கிறேன். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்" என்றால் போதும். அவர்களுக்கு இது புதிதல்ல, பலர் நல்ல பெயர்களாகவே தருவார்கள். மொத்தமாக முன்பணம் கட்டியிருந்தால் மீதியைத் திருப்பிக் கேளுங்கள். உங்கள் சிகிச்சைக் குறிப்புகளைப் பெறும் உரிமையும் அதே 2017 சட்டத்தில் இருக்கிறது. ஒரு சுருக்கம் எழுதி வாங்கிக்கொண்டால் அடுத்தவரிடம் ஞாயிற்றுக்கிழமை நாலு மணியிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருக்காது.