குடல் அழற்சிக்கு மூலிகைச் சத்து: நான் கடைப்பிடிக்கும் முறை

எனக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், அதாவது பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நாள்பட்ட நோய். டாக்டர் கொடுத்த மெசலமைன் என்ற அழற்சி குறைக்கும் மருந்தோடு சேர்த்து மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமினும் சாப்பிடுகிறேன். மெசலமைனை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறலாமா என்று யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். குர்குமின் பலன் தந்த முக்கிய ஆய்வுகளில் அது கூடுதல் மருந்தாகத்தான் கொடுக்கப்பட்டது. 2015-இல் வெளியான ஆய்வில், மெசலமைன் மட்டும் போதாதவர்களுக்கு நாளைக்கு 3 கிராம் வீதம் ஒரு மாதம் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு நோய் அடங்கியது.

மஞ்சள்தூளை அள்ளிப் போட்டால் அந்த அளவு வராது. தூளில் குர்குமின் 3 சதவீதம் அளவில்தான் இருக்கும். அதனால் அளவு அச்சிட்ட கேப்சூல்தான் வாங்குகிறேன், அதுவும் மிளகுச் சத்து சேர்க்காதது. மிளகுச் சத்து குர்குமினை இரத்தத்தில் அதிகம் ஏற்றிவிடும். அப்படிப்பட்ட மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதித்திருக்கிறது. குறைந்த அளவில் தொடங்கி, காலை, இரவு சாப்பாட்டோடு பிரித்துப் போடுங்கள். பித்தப்பைக் கல் இருந்தாலோ, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்தாலோ, முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

இசப்கோல் உமி நோய் அடங்கியிருக்கும் காலத்துக்கு. நிறையத் தண்ணீரோடு, மற்ற மாத்திரைகளுக்கு இடைவெளி விட்டுக் குடிக்க வேண்டும். க்ரோன்ஸ் என்ற இன்னொரு குடல் அழற்சி நோயில் குடல் சுருங்கியிருந்தால் தொடவே கூடாது, அடைத்துக்கொள்ளும்.

கற்றாழையில் உள்ளே இருக்கும் தெளிந்த சோறு மட்டும்தான். தோலடியில் வடியும் மஞ்சள் பால் கடும் பேதி மருந்து. ஏற்கெனவே புண்ணான குடலுக்கு அது கொடுமை. நிலவேம்புச் சத்துக்கும் ஆய்வில் பலன் தெரிந்தது, ஆனால் சிலருக்குத் தோலில் தடிப்பு வந்தது. அவுரி போன்ற செடிகளிலிருந்து எடுக்கும் நீலப் பொடியை நானாக ஒருபோதும் எடுக்க மாட்டேன். புண்ணை அது ஆற்றுகிறது, உண்மைதான். ஆனால் நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறியவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு நேரத்தில் ஒரே மூலிகை. இரண்டைச் சேர்த்துத் தொடங்கினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. தொடங்கும் முன் மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்), இரத்தத்தில் கல்லீரல் பரிசோதனை செய்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். வயிறு லேசானதுபோல் தோன்றினாலும் கால்ப்ரொடெக்டின் இறங்காவிட்டால் உள்ளே அழற்சி இருக்கலாம்.

ஒரு நாளில் ஆறு தடவையோ அதற்கு மேலோ இரத்தத்தோடு மலம் போனாலோ, கூடவே காய்ச்சல் வந்தாலோ, மூலிகையை ஓரம் வைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.