முகமூடிக் கண்ணாடியில் படிந்த பனி

திருகோணமலையில் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் அடிவாரத்தில் கடலுக்குள் முதன்முறையாக முக்குளித்தேன். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் இடித்துக் கடலில் தள்ளிய கோயிலின் செதுக்கிய கற்கள் பாறைகளுக்கிடையே கிடக்கின்றன. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தூண். எனக்கோ வெறும் வெண்புகை! கண்ணையும் மூக்கையும் மூடும் என் புது முக்குளிப்பு முகமூடியின் கண்ணாடி முழுவதும் பனி படிந்துவிட்டது. அழுகையே வந்தது.

உற்பத்தியின்போது கண்ணாடியில் ஒட்டிய மெல்லிய சிலிகான் படலம்தான் காரணம். அன்றிரவு வெள்ளைப் பற்பசையை (ஜெல் வகை உதவாது) உட்புறக் கண்ணாடியில் விரல்நுனியால் வட்டவட்டமாகத் தேய்த்து, கழுவி, மறுபடி தேய்த்தேன். வழுவழுப்பு போய் விரல் கிறீச்சிட்டது. மறுநாள் இறங்குமுன் உள்ளே எச்சில் தடவி, கடல்நீரில் ஒருமுறை மட்டும் அலசினேன்.

தூணின் விளிம்பில் உளிபட்ட கோடு வரை தெளிவாகத் தெரிந்தது.