கூகுளில் தமிழில் தேடுவது எப்படி: ஒரு சான்றிதழைத் தேடிய கதையோடு

நாங்கள் இருப்பது புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி. பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூ முடித்துவிட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை. முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் தேடிவிட்டு, "அண்ணா, ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, எதை நம்புறது?" என்று போனை நீட்டினாள். அன்று அவளுக்குக் காட்டியதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். கம்ப்யூட்டர், போன் இரண்டிலும் இவை வேலை செய்யும்.

படி 1: கேள்வியை விடுங்கள், பதிலின் சொற்களை அடியுங்கள்

அவள் அடித்திருந்தது: முதல் பட்டதாரி சர்டிபிகேட் வாங்க என்ன பேப்பர் கொடுக்கணும்

இதற்கும் கூகுள் ஏதாவது காட்டும். ஆனால் முதலில் வருவதெல்லாம் இதே கேள்வியைத் தலைப்பாக வைத்த வீடியோக்கள். நமக்கு வேண்டிய பதிலை எழுதியது யார் என்று யோசித்துப் பாருங்கள். ஓர் அரசு அலுவலகம். அங்கே பேப்பர் என்று எழுத மாட்டார்கள், ஆவணங்கள் என்று எழுதுவார்கள். நாம் தாசில்தார் என்போம், அவர்கள் வட்டாட்சியர் என்பார்கள். தாலுகா ஆபீஸ் அங்கே வட்டாட்சியர் அலுவலகம். ஆகவே இப்படி மாற்றினோம்:

முதல் பட்டதாரி சான்றிதழ் தேவையான ஆவணங்கள்

உடனே பக்கங்களின் தரம் மாறியது. தேடலில் நான் இன்றுவரை அதிகம் நம்புவது இந்த ஒன்றைத்தான். சமையல் குறிப்பு என்றால் சமைப்பவர் எந்தச் சொல்லை எழுதியிருப்பார், உழவுக் குறிப்பு என்றால் வேளாண் அலுவலர் எந்தச் சொல்லை எழுதியிருப்பார் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு அடியுங்கள்.

படி 2: மேற்கோள் குறி, தமிழில் கொஞ்சம் கவனமாக

சொற்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்தால், அதே சொற்கள் அதே வரிசையில் உள்ள பக்கங்களை மட்டும் தேடு என்று பொருள். பழைய குறிப்புகள் சிலவற்றில் சொல்லுக்கு முன்னால் கூட்டல் குறி போடச் சொல்லியிருப்பார்கள். அந்த வசதியைக் கூகுள் 2011-லேயே எடுத்துவிட்டது. இப்போது மேற்கோள் குறிதான்.

ஆங்கிலத்தில் தேடுபவருக்கு இதோடு பாடம் முடிந்துவிடும். நமக்கு அப்படி இல்லை. "முதல் பட்டதாரி சான்றிதழ்" என்று ஒருவர் எழுதுவார், "முதல் பட்டதாரிச் சான்றிதழ்" என்று ஒற்று போட்டு இன்னொருவர் எழுதுவார், மூன்றாமவர் "முதல் பட்டதாரி சான்று" என்று முடித்துக்கொள்வார். நமக்கு மூன்றும் ஒன்றுதான். மேற்கோள் குறிக்குள் வைத்துவிட்டால் அவை மூன்று வெவ்வேறு தேடல்கள். வேற்றுமை உருபும் இப்படித்தான்: சான்றிதழ், சான்றிதழை, சான்றிதழுக்கு, சான்றிதழில் எல்லாமே தனித்தனி.

இதற்கு வழி, நேர்கோட்டுக் குறி. கீபோர்டில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு இருக்கும், போனில் குறிகளுக்கான இரண்டாம் பக்கத்தில் பார்க்கலாம். இதுவா அதுவா, எது இருந்தாலும் சரி என்று கூகுளுக்குச் சொல்வது அந்தக் கோடு:

"முதல் பட்டதாரி சான்றிதழ்" | "முதல் பட்டதாரிச் சான்றிதழ்" | "முதல் பட்டதாரி சான்று"

கோட்டுக்கு இரு பக்கமும் இடைவெளி விடுங்கள். தமிழில் தேடும் எல்லோருக்கும் இந்தக் குறி தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. நம் எழுத்தில் ஒரே சொல்லுக்கு அத்தனை வடிவங்கள் இருக்கின்றன.

படி 3: வேண்டாததைக் கழிப்பது

அடுத்து எங்கள் ஊர் வட்டாட்சியர் அலுவலகத்தைத் தேடினாள். ஆலங்குடி என்று அடித்ததும் குரு பெயர்ச்சியும் கோயில் நடை திறக்கும் நேரமும் வந்து நின்றன. அது திருவாரூர் மாவட்டத்து ஆலங்குடி, குரு தலம். பெயர் ஒன்றுதான், ஊர் வேறு.

வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி போடுங்கள். குறிக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி கூடாது, குறிக்கு முன்னால் கட்டாயம் வேண்டும்:

ஆலங்குடி வட்டாட்சியர் அலுவலகம் -குரு -கோயில் -கோவில்

கோயில், கோவில் இரண்டையும் கழித்திருப்பதைப் பாருங்கள். ஒன்றை மட்டும் கழித்தால் மற்றொன்று உள்ளே வந்துவிடும். இதைவிட எளிய வழியும் உண்டு, புதுக்கோட்டை என்று மாவட்டத்தையும் சேர்த்து அடிப்பது. பல நேரம் அதுவே போதும்.

படி 4: அரசுத் தளத்துக்குள் மட்டும் தேடுவது

ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள் என்ற அவளுடைய குறைக்கு மருந்து இதுதான். சைட் என்ற ஆங்கிலச் சொல்லை எஸ், ஐ, டி, ஈ என்று அடித்து, இடைவெளி இல்லாமல் முக்காற்புள்ளி வைத்து, தளத்தின் முகவரியைச் சேருங்கள். தமிழ்நாடு அரசுக்கு அது டிஎன், புள்ளி, கவ் (ஜி, ஓ, வி), புள்ளி, இன் (ஐ, என்):

முதல் பட்டதாரி சைட்:டிஎன்.கவ்.இன்

இங்கே தமிழில் எழுதியிருந்தாலும் சைட் முதல் இன் வரை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். இந்த முகவரியில் முடியும் துணைத் தளங்களும் சேர்ந்தே வரும். அரசாணைகளில் பல ஆங்கிலத்தில் இருக்கும், அதனால் ஃபர்ஸ்ட் கிராஜுவேட் என்று ஆங்கிலத்திலும் ஒரு முறை தேடிவிடுங்கள்.

இதே வழியில் மதுரைத் திட்டத்தின் தளத்துக்குள் பழந்தமிழ் நூல்களையும், நூலகம் தளத்துக்குள் இலங்கைத் தமிழ் வெளியீடுகளையும் தேடலாம். எனக்கு இது தினமும் உதவுகிறது.

படி 5: பழைய செய்தியை ஒதுக்குவது

கல்லூரிச் சேர்க்கை விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். ஐந்து வருடத்துக்கு முந்தைய பதிவைப் படித்துவிட்டு அலைய வேண்டாம். கம்ப்யூட்டரில் தேடல் பெட்டிக்குக் கீழே டூல்ஸ் என்று இருப்பதை அழுத்தினால் காலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இல்லையென்றால் ஆஃப்டர் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, 2024 என்று ஆண்டைச் சேருங்கள். அந்த ஆண்டிலிருந்து வந்தவை மட்டும் நிற்கும்.

படி 6: மேலே நிற்பதை நிதானமாகப் பார்ப்பது

இப்போது சில தேடல்களில் எல்லாவற்றுக்கும் மேலே ஏஐ எழுதிய சுருக்கம் ஒன்று வருகிறது. இந்தியாவில் இது 2024 ஆகஸ்டில் வந்தது. பொதுவாக ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள நல்லது. ஆனால் சான்றிதழ், மருந்து, பணம், கடைசித் தேதி என்றால் அந்தச் சுருக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். அதோடு தரப்படும் இணைப்பைத் திறந்து, மூலத்தில் அப்படித்தான் இருக்கிறதா என்று பாருங்கள். சுருக்கமே வேண்டாம், இணைப்புகள் மட்டும் போதும் என்றால், படங்கள், வீடியோக்கள், செய்திகள் என்று வரும் அதே வரிசையில் வெப் என்ற ஒன்றை 2024 மே மாதம் சேர்த்தார்கள். அதை அழுத்துங்கள். சில நேரம் அது மோர் என்பதற்குள் ஒளிந்திருக்கும்.

சுருக்கத்தைவிட எனக்குப் பயம் தருவது ஸ்பான்சர்ட் என்ற குறியோடு வரும் விளம்பரங்களும், முகம் தெரியாத தளங்களில் கிடக்கும் உதவி எண்களும். என் அத்தை சமையல் கேஸ் சிலிண்டர் பதிவு சரியாக நடக்கவில்லை என்று வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடி, கண்ணில் பட்ட முதல் எண்ணை அழைத்தார். எதிர்முனையில் பேசியவர் அவ்வளவு பணிவாக ஒரு ஆப்பை இறக்கச் சொன்னார். பதினைந்து நிமிடத்தில் கணக்கிலிருந்து எட்டாயிரம் ரூபாய் போய்விட்டது. அத்தை அதற்கப்புறம் ரொம்ப நாள் போனைத் தொடவே பயந்தார். எனக்கு அந்தப் பணத்தைவிட அதுதான் வலித்தது.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன்: எந்த உதவி எண்ணையும் தேடல் முடிவில் பார்த்து அழைக்காதீர்கள். பில், பாஸ்புக், அட்டையின் பின்பக்கம், இல்லையென்றால் நீங்களே முகவரி அடித்துத் திறந்த தளம், இவற்றில் இருக்கும் எண்ணை எடுங்கள். தெரியாத தளம் என்றால் முடிவின் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்துங்கள், அந்தத் தளத்தைப் பற்றிய விவரம் வரும். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள், சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது.

படி 7: காணாமல்போன பக்கத்தை மீட்பது

முன்பெல்லாம் திறக்காத பக்கத்தின் பழைய நகலைக் கூகுளே வைத்திருந்து காட்டும். 2024-இல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது அந்தப் பக்கத்தின் முகவரியை நகலெடுத்து, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒட்டிப் பாருங்கள். அங்கே சேமித்திருந்தால் தேதிவாரியாகக் கிடைக்கும்.

படி 8: திறந்த கோப்புக்குள் தேடுவது

அரசுத் தளத்தில் எங்களுக்குக் கிடைத்தது நீளமான ஒரு பிடிஎஃப். முழுவதும் படிக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் கன்ட்ரோல் விசையோடு எஃப் அழுத்தி ஆவணங்கள் என்று அடித்தால் நேராக அந்த இடத்துக்குப் போய்விடலாம். போனில் மூன்று புள்ளிகளுக்குள் ஃபைண்ட் என்று இருக்கும்.

எங்களுக்கோ எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தது. கண்ணெதிரே ஆவணங்கள் என்ற சொல் இருக்கிறது, ஆனால் கிடைக்கவில்லை! இதைப் பார்த்து மிரள வேண்டாம். அந்தக் கோப்பு ஸ்கேன் செய்த படமாக இருக்கும், அல்லது யூனிகோடுக்கு (இன்று போனிலும் இணையத்திலும் தமிழ் அடிக்கப் பயன்படும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) முந்தைய பாமினி, வானவில் போன்ற எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். நமக்குத் தமிழாகத் தெரிவது கம்ப்யூட்டருக்கு வெறும் படம் அல்லது ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடில் அடிக்கும் நம் சொல் அதோடு பொருந்தாது. தமிழில் எவ்வளவோ நல்ல கோப்புகள் கூகுள் தேடலில் தலைகாட்டாமல் கிடப்பதற்கும் இது ஒரு காரணம்.

அப்போது அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸில் திறந்து, எழுத்தைத் தேர்ந்தெடுங்கள். படத்திலிருந்து தமிழைப் படித்து நகலெடுக்கக் கொடுக்கும். ஒற்றும் கொம்பும் சில இடங்களில் தவறும், ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவள் அப்படி எடுத்த பட்டியலை அப்பாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டு, குடும்ப அட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்கு ஓடினாள்.