.22 பிஸ்டல் பாதியில் நின்றால் செய்யக்கூடாதவை

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் இப்போது 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகளுக்குப் பயிற்சி எடுத்துவருகிறார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வென்ற ரேபிட் ஃபயர் பிரிவும் அவற்றில் ஒன்று. இதற்கான .22 பிஸ்டலில், வெடித்த தோட்டாவின் காலி உறையே, குழலின் பின்வாயை அடைத்து நிற்கும் போல்ட்டைப் பின்னே தள்ளுகிறது. உறை வெளியே தெறித்ததும், ஸ்பிரிங்கின் விசையால் திரும்பும் போல்ட், தோட்டாக்கள் அடுக்கியுள்ள மேகசினிலிருந்து அடுத்ததை, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பருக்குள் ஏற்றுகிறது. இந்தச் சுற்று தடைபடும்போது, நாங்கள் பழகத் தொடங்கிய காலத்தில் செய்த தவறுகளையே இந்தப் பிள்ளைகளும் செய்வதைப் பழுதுபார்க்கும் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் பாடத்திலேயே சொல்லித்தரப்படுபவற்றை விட்டுவிடுகிறேன்.

மேகசினைப் பார்க்காமல் துப்பாக்கியைப் பிரிப்பது

மேகசின்களுக்கு எண் எழுதி வையுங்கள். தடை ஒரே எண்ணில் திரும்பத் திரும்ப வந்தால், அதன் வாய் விளிம்பு வளைந்திருக்கும் அல்லது உள்ளிருக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். துப்பாக்கியின் மேல் குற்றமில்லை.

எண்ணெயைக் கொட்டுவது

.22 குண்டின் மேல் மெழுகோ கிரீஸோ பூசப்பட்டிருக்கும். அதோடு கரியும், மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாயில் வீசும் காற்றின் புழுதியும் சேரும்போது, மிகுதியான எண்ணெய் எல்லாவற்றையும் பசையாக்கி போல்ட்டின் வேகத்தைக் குறைத்துவிடும். ஒரு துளி போதும்.

மெலிந்த சத்தம் கேட்டபிறகும் அடுத்ததைச் சுடுவது

எத்தனை முறை எச்சரித்தாலும் நிற்காத தவறு இதுதான். இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. தோட்டாவில் வெடிமருந்து இல்லாமலோ கெட்டுப்போயோ இருந்தால், உறையின் அடிவிளிம்பில் உள்ள பற்றவைப்பு மருந்து மட்டும் வெடித்து, ஏறத்தாழ 2.6 கிராம் எடையுள்ள குண்டைக் குழலுக்குள் சிறிது தூரம் தள்ளிவிட்டு அடங்கிவிடும். போல்ட்டை முழுதாகப் பின்னே தள்ள அந்த விசை போதாது என்பதால், உறை வெளியேறாமல் நிற்கும். பார்ப்பவருக்கு இது வழக்கமான தடையாகவே தோன்றும். அவர் போல்ட்டைக் கையால் இழுத்தால் காலி உறை விழுந்து, அடுத்த தோட்டா எந்த எதிர்ப்பும் இல்லாமல் ஏறிவிடும். குண்டு குழலின் உள்ளே தள்ளி நிற்பதால் சேம்பரில் எதுவும் தட்டுப்படாது. இப்போது ட்ரிகரை அழுத்தினால், இரண்டாவது குண்டு முதலாவதன் மேல் மோதி, அந்த இடத்தில் குழல் உப்பிவிடும்.

சென்ற பருவத்தில் வாளையாறு பக்கத்திலிருந்து வரும் பையன் ஒருவன், நான்கு நொடிக்குள் ஐந்து முறை சுட வேண்டிய தொடரில் இதையே செய்தான். "சார், சத்தம் கொஞ்சம் கம்மியாத்தான் கேட்டுச்சு" என்று பிறகு சொன்னான். கேட்டிருக்கிறது, ஆனால் வேகம் அவனை நிற்கவிடவில்லை. குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது உள்ளே கரிய வளையம் ஒன்று தெரிந்தது. அத்தகைய குழலை இனி நம்பிப் போட்டிக்கு எடுத்துச்செல்ல முடியாது, மாற்றத்தான் வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியின் பாகங்களும் ஆயுதம் என்ற வரையறைக்குள் வருகின்றன. ஆகவே புதிய குழலுக்குப் பணத்தோடு ஆவணங்களும் காத்திருப்பும் தேவைப்பட்டன. அந்தப் பருவம் முழுவதும் அவன் இரவல் பிஸ்டலில் சுட்டான்.

போட்டி விதியே இதற்கு வழிகாட்டுகிறது. தடை ஏற்பட்டால் பிஸ்டலை இலக்கின் பக்கமே நிலைநிறுத்தி, மற்றக் கையை உயர்த்தி அலுவலரை அழைக்க வேண்டும். அவர் பார்க்கும் முன் இயங்குபகுதியைத் தொட்டால், அது ஏற்கத்தக்க தடையாக, அதாவது சுடுபவரின் தவறில்லாத தடையாக, கருதப்படாது. பயிற்சியிலும் இவ்வாறே நில்லுங்கள். சத்தமோ உதைப்போ குறைந்திருந்தாலும், இலக்கில் துளை விழாவிட்டாலும், முப்பது நொடி பொறுத்து, மேகசினை எடுத்துவிட்டு, போல்ட்டைத் திறந்து, சேம்பர் காலி என்று உறுதிசெய்தபின் குழலுக்குள் துப்புரவுக் கம்பியை விட்டுப் பாருங்கள். கம்பி முட்டினால் அதற்குமேல் தள்ளாமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். சத்தம் முழுமையாக இருந்து உறை மட்டும் சிக்கியிருந்தால், பெரும்பாலும் சேம்பரின் அழுக்கையோ உறையைப் பற்றியிழுக்கும் கொக்கியையோ பார்த்தால் போதும்.

தோட்டா இல்லாமல் ட்ரிகரை அழுத்துவது

தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசி சேம்பரின் விளிம்பில் மோதிப் பிசிறு உண்டாக்கக்கூடும். தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தால் மட்டுமே செய்யுங்கள்.

தோட்டா ஏறும் சரிவை உப்புத்தாளால் தேய்ப்பது

வேண்டாம்.

இரண்டை ஒருசேர மாற்றுவது

ஸ்பிரிங்கையும் தோட்டாவையும் ஒரே நாளில் மாற்றுபவருக்கு, தடை நீங்கினாலும் எதனால் நீங்கியது என்று தெரியாது. முதலில் தோட்டாவை மட்டும் மாற்றி, அதே மேகசினில் ஒரு பெட்டி முழுவதும் சுட்டுப் பார்த்துவிட்டு, அதன்பிறகும் தடை தொடர்ந்தால் ஸ்பிரிங்கைத் தொடுங்கள்.