கீழே கடை, மேலே வீடு: தீ மதிப்பீடு எழுத்தில் இருக்கிறதா?

இங்கிலாந்தில், ஈஸ்ட்ஹாம், டூட்டிங் மாதிரி இடங்களில் கீழே கடையும் மேலே வாடகை வீடுமாகக் கட்டிடம் வைத்திருப்பவர்களுக்கு இது. எங்கே தீப்பிடிக்கலாம், உள்ளே இருப்பவர்கள் எப்படித் தப்புவார்கள் என்று பார்ப்பதுதான் தீ அபாய மதிப்பீடு. "கடையில் மூன்றே பேர்தான், எழுத்தில் ஒன்றும் தேவையில்லை" என்று சிலர் இன்னமும் சொல்கிறார்கள். அது பழைய கதை. முன்பு ஐந்து பேராவது வேலை செய்தால்தான் எழுதி வைப்பது பொதுவாகக் கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல் ஆள் கணக்கே கிடையாது. தீ அபாய மதிப்பீடு முழுவதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கடையை வாடகைக்கு விட்டாகிவிட்டதே என்று இருந்துவிட முடியாது. பொது மாடிப்படி உங்கள் கையில் இருந்தால் 2005 தீ பாதுகாப்பு ஆணைப்படி அதற்கு நீங்களே பொறுப்பு. கடைக்காரரோடு பேசி ஒத்துழைப்பதும் சட்டக் கடமைதான்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? தீயையும் புகையையும் தடுக்கும் தீக்கதவை முழுதாகத் திறந்து விட்டுவிடுங்கள். தானாக வந்து தாழ் விழும்வரை மூடுகிறதா? காற்றுக்காக ஆப்பு வைத்துத் திறந்து வைத்திருந்தால் அது வெறும் மரப்பலகை. அப்புறம் கடைக் கூரையைப் பாருங்கள். இன்டர்நெட் ஒயருக்குப் போட்ட ஓட்டை வழியே புகை நேராக மேல்வீட்டுக்குப் போகும். படிக்கட்டில் அரிசி மூட்டை, அட்டைப்பெட்டி, குழந்தை வண்டி எதுவும் வேண்டாம். கடை அலாரம் மேலே தூங்குபவருக்குக் கேட்கிறதா என்றும் சோதியுங்கள்.

கடுமையான மீறலுக்கு அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை, இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு.